அச்சுறுத்திய நூலகமும் ஆற்றுவிக்கும் நூலகமும்: மிகுபுனைவில் மாய நூலகத்தின் வரலாறு

அமெரிக்க எழுத்தாளர் சாரா பெத் டர்ஸ்ட் எழுதிய 'தி ஸ்பெல்ஷாப்' என்னும் புதினம் 2024ஆம் ஆண்டு சூலைத் திங்களில் வெளிவந்தது. கற்பனைப் பேரரசு ஒன்றின் தலைநகரிலுள்ள மாபெரும் நூலகம் புரட்சியின்போது தீக்கு இரையாகின்றது. அங்குப் பணிபுரியும் கியேலா என்னும் நூலகர் மந்திர நூல்கள் அடங்கிய பெட்டிகளைப் படகில் ஏற்றிக்கொண்டு, பேசும் ஆற்றல் பெற்ற செடியொன்றின் துணையோடு தான் பிறந்த தீவுக்குத் தப்பிச் செல்கின்றாள். பெற்றோர் விட்டுச்சென்ற குடிலில் பழப்பாகு விற்கும் கடை ஒன்றைத் தொடங்குகின்றாள். அண்டை வீட்டார், சிறகு முளைத்த பூனைகள், மீன்வால் கொண்ட குதிரைகள், மெல்ல அரும்பும் காதல் எனக் கதை நகர்கின்றது. போர்க்களம் இல்லை, உலகைக் காக்கும் வீரன் இல்லை. இவ்வகைக் கதைகளை ஆங்கிலப் பதிப்புலகம் 'கோஸி ஃபேன்டஸி' என வழங்கும். தமிழில் இதனை இதப்புனைவு எனக் குறிக்கலாம்.

இதம் தருவதற்கென்றே எழுதப்பட்ட ஒரு கதை, ஒரு நூலகம் எரிவதிலிருந்து தொடங்குவது ஏன்? மாய நூலகம் என்னும் புனைவிடத்தின் நெடிய வரலாற்றுக்குள் வைத்துப் பார்த்தாலன்றி இவ்வினாவிற்கு விடை காணவியலாது. அந்த வரலாற்றின் பெரும்பகுதி இதத்தின் வரலாறு அன்று, அச்சத்தின் வரலாறு.

நீர் சுரந்த சுவடிகள்

மாய நூலகம் மேலை நாட்டார் கண்ட கற்பனை எனக் கொள்வது பொருந்தாது. நாலந்தாவின் நூலகம் பற்றித் திபெத்தியப் பௌத்த மரபு வழங்கும் கதை இவ்வகையில் கருதத்தக்கது. தர்மகஞ்சம் எனப்பட்ட நூலகப் பகுதியில் ரத்னசாகரம், ரத்னோததி, ரத்னரஞ்சகம் என மூன்று மாளிகைகள் இருந்தன என்றும், அவற்றுள் ரத்னோததி ஒன்பது நிலைகளைக் கொண்டது என்றும் அம்மரபு கூறும். இளந்துறவியர் சிலர் இரவலர் இருவர் மீது கழுநீரை ஊற்றி இழிவுபடுத்தினர். சினமுற்ற இரவலர் பன்னிரண்டு ஆண்டுகள் ஞாயிற்றை வழிபட்டு ஆற்றல் பெற்றனர். வேள்வித் தீயின் கங்குகளை மாளிகைகள் மீது எறிந்தனர். நூலகம் பற்றி எரிந்தது. அப்போது ரத்னோததியின் ஒன்பதாம் நிலையில் வைக்கப்பட்டிருந்த பிரஜ்ஞாபாரமிதை, குஹ்யசமாஜம் முதலிய சுவடிகளிலிருந்து நீர் சுரந்து வழிந்து சிலவற்றைக் காத்தது என்பது கதை.

நாலந்தாவை அழித்தவர் எவர் என்னும் வழக்கில் இக்கதையைச் சான்றாக முன்னிறுத்துவோர் உளர். நிகழ்வுகள் நடந்து பன்னூற்றாண்டுகள் கழிந்தபின் எழுதப்பட்ட ஒரு தொன்மத்தின் மீது அத்தகைய சுமையை ஏற்றுதல் முறையன்று. இதன் மதிப்பு வேறிடத்தில் உள்ளது. நூல் தன்னைத் தானே காத்துக்கொள்ளும் என்னும் நம்பிக்கை, நூலகம் அழிந்ததைக் கண்ட ஒரு சமூகத்தின் நினைவிலிருந்து பிறந்தது என்பதே இங்கு நோக்கத்தக்கது. நெருப்புக்கு அஞ்சியவர்களே நீர் சுரக்கும் சுவடியைக் கற்பனை செய்தனர்.

தமிழ்ச் சைவ மரபில் வழங்கும் திருமுறை கண்ட வரலாறும் இதனோடு ஒப்பிடத்தக்கது. தில்லையில் மூவர் கைப்பொறியிட்டுப் பூட்டிய அறையில் தேவார ஏடுகள் இருந்தன. மூவரும் ஒருங்கு வந்தாலன்றி அறையைத் திறக்கவியலாது எனத் தில்லைவாழந்தணர் கூறினர். மன்னன் மூவர் திருவுருவங்களை எழுந்தருளச் செய்து அறையைத் திறப்பித்தான். உள்ளே ஏடுகளைப் புற்று மூடியிருந்தது. எண்ணெய் சொரிந்து எடுத்தபோது பெரும்பகுதி செல்லரித்துப் போயிருக்கக் கண்டு மன்னன் வருந்தினான். இக்காலத்துக்கு வேண்டியவற்றை மட்டுமே வைத்தோம் என்னும் பொருள்பட ஒரு வானொலி எழுந்தது. நாலந்தாக் கதையில் நூல் தன்னைக் காக்கின்றது. தில்லைக் கதையில் நூல் காக்கப்படவில்லை. இழப்பு அப்படியே நிற்க, அதனைத் தாங்கிக்கொள்ளும் சொல் ஒன்று மட்டும் வழங்கப்படுகின்றது. எஞ்சியது போதும் என்னும் இந்த ஆறுதல் பின்னர் வேறொரு சூழலில் மீண்டும் எதிர்ப்படும்.

சங்கிலியிட்ட நூல்கள்

இடைக்கால ஐரோப்பாவில் நூல்களை அலமாரியோடு சங்கிலியால் பிணைத்து வைக்கும் வழக்கம் இருந்தது. இத்தாலியின் செசேனா நகரில் 1454இல் திறக்கப்பட்ட மலதெஸ்தியானா நூலகத்திலும், இங்கிலாந்தின் ஹெரிஃபோர்டு பேராலயத்திலும் சங்கிலியிட்ட நூல்களை இன்றும் காணலாம். நூல் அரிய பொருள். ஒரு நூலை எழுதி முடிக்கப் பல திங்கள் உழைப்பு வேண்டும். ஆகவே திருட்டுக்கு அஞ்சிச் சங்கிலியிட்டனர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக 1924இல் பொறுப்பேற்ற சீர்காழி இரா. அரங்கநாதன், 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகள் பற்றிய நூலில் இச்சங்கிலிகளைக் குறிப்பிடுகின்றார். நூல்கள் பயன்பாட்டிற்கே என்பது அவர் வகுத்த முதல் விதி. அவ்விதி மீறப்பட்டமைக்கு அவர் காட்டும் கண்கூடான சான்று சங்கிலி. பூட்டு, வேலி, திறக்காத நேரம், ஊருக்கு ஒதுக்குப்புறமான கட்டடம் ஆகிய யாவும் அவர் நோக்கில் அச்சங்கிலியின் வேறு வடிவங்களே.

மிகுபுனைவு எழுத்தாளர்கள் இந்தச் சங்கிலியைத் தலைகீழாக்கினர். மனிதரிடமிருந்து நூலைக் காப்பதற்கு இடப்பட்டது, புனைவில் நூலிடமிருந்து மனிதரைக் காப்பதற்கு இடப்பட்டதாயிற்று. ஹெச். பி. லவ்கிராஃப்ட் 1929இல் வெளியிட்ட 'தி டன்விச் ஹாரர்' கதையில் மிஸ்கட்டோனிக் பல்கலைக்கழக நூலகம் 'நெக்ரோனோமிகான்' என்னும் கொடிய நூலைக் காத்து வருகின்றது. அந்நூலைக் கவர வந்தவனை நூலகத்தின் காவல் நாய் கடித்துக் கொல்கின்றது. நூலகர் ஆர்மிடேஜின் முதற்கடமை அந்நூலைத் தகாதவருக்குத் தர மறுப்பது. அறிவு ஆபத்தானது, அதனை அடைத்து வைப்பதே அறம் என்னும் கருத்து இக்கதையின் அடித்தளம். ஜே. கே. ரௌலிங்கின் ஹாரி பாட்டர் வரிசையின் முதல் நூலில் (1997) தடைசெய்யப்பட்ட பகுதியிலிருந்து எடுக்கப்பட்ட நூல் ஒன்று திறந்தவுடன் அலறுவதும் இம்மரபின் வழிவந்ததே.

அரங்கநாதனின் ஐந்தாம் விதி நூலகத்தை வளரும் உயிரி என்கின்றது. அவர் அதனை நிருவாக உண்மையாகச் சொன்னார். நூல் பெருகும், வாசகர் பெருகுவர், கட்டடம் அதற்கேற்ப அமைய வேண்டும் என்பதே கருத்து. மாயப் புனைவோ அதனைச் சொல்லுக்குச் சொல் மெய்யாக்கிக்கொண்டது. அங்கே நூலகம் மூச்சுவிடுகின்றது, நகர்கின்றது, சில வேளைகளில் வாசகரை விழுங்கவும் செய்கின்றது.

போர்ஹெஸ், எக்கோ, பிராட்சட்

நூலகத்தையே முழு உலகாகக் கண்டவர் அர்ஜென்டினாவின் ஜார்ஜ் லூயி போர்ஹெஸ். அவர் 1937 முதல் 1946 வரை புவெனஸ் அயர்ஸ் நகரின் மிகெல் கானே நகராட்சிக் கிளை நூலகத்தில் சிறுபணியாளராக இருந்தார். 1941இல் வெளியான 'பாபேல் நூலகம்' என்னும் கதை அக்காலத்தில் எழுந்தது. அந்நூலகம் எண்ணற்ற அறுகோண அறைகளால் ஆனது. ஒவ்வொரு நூலும் 410 பக்கம். பக்கத்திற்கு 40 வரி. வரிக்கு ஏறத்தாழ 80 எழுத்து. குறியீடுகள் மொத்தம் 25. இந்த 25 குறிகளால் ஆகக்கூடிய எல்லா நூல்களும் அங்கு உள்ளன. ஒரு நூலில் 13,12,000 எழுத்திடங்கள் என்பதால், மொத்த நூல்களின் எண்ணிக்கை 25ஐ 25ஆல் அத்தனை முறை பெருக்கிவரும் எண்ணாகும். எல்லா உண்மையும் அங்கு உண்டு. எல்லாப் பொய்யும் உண்டு. தேடுவோர் வாழ்நாள் முழுதும் நடந்தும் பொருள்தரும் ஒரு வரியைக் காண்பது அரிது. சங்கிலி இல்லை, காவல் நாய் இல்லை. ஆயினும் இதனினும் கொடிய நூலகம் வேறில்லை எனலாம். எல்லாம் இருப்பது எதுவும் இல்லாமைக்கு நிகராகின்றது. 1955இல் போர்ஹெஸ் தேசிய நூலகத்தின் இயக்குநரானார். அதற்குள் அவர் கண்பார்வை பெரிதும் மங்கிவிட்டது.

உம்பர்ட்டோ எக்கோ 1980இல் வெளியிட்ட 'ரோஜாவின் பெயர்' மந்திரக் கதையன்று. எனினும் மாய நூலகத்தின் வரலாற்றில் அதனை விலக்கவியலாது. 1327இல் இத்தாலிய மடம் ஒன்றில் நிகழும் இக்கதையில் நூலகம் புரிசிக்கலாகக் கட்டப்பட்டுள்ளது. அதன் மறைபொருளை அறிந்த முதியவர் ஹோர்ஹே கண்பார்வையற்றவர். போர்ஹெஸை நினைவூட்டும் பெயரும் தோற்றமும் வேண்டுமென்றே அமைக்கப்பட்டவை. நகைச்சுவை பற்றி அரிஸ்டாட்டில் எழுதியதாகக் கருதப்படும், கிடைக்காமற்போன நூலின் ஒரே படியை அவர் மறைத்து வைக்கின்றார். பக்கங்களில் நஞ்சு தடவுகின்றார். நகைப்பு அச்சத்தைப் போக்கும், அச்சம் போனால் இறைவனிடத்து அடக்கமும் போகும் என்பது அவர் கொள்கை. முடிவில் நூலகம் எரிகின்றது. நூலைக் காப்பவனே நூலுக்குப் பகைவனாகும் நிலையை இதனினும் கூர்மையாகக் காட்டிய படைப்பு அரிது.

எக்கோவின் முதியவர் எதற்கு அஞ்சினாரோ அதுவே ஆறு ஆண்டுகளில் நூலகத்திற்குள் நுழைந்தது. டெரி பிராட்சட்டின் டிஸ்க்வோர்ல்டு வரிசையில் 1986இல் வெளிவந்த 'தி லைட் ஃபன்டாஸ்டிக்' புதினத்தில், அன்சீன் பல்கலைக்கழகத்தின் நூலகர் ஒரு மந்திர விபத்தால் ஒராங்குட்டானாகி விடுகின்றார். மீண்டும் மனிதராக அவர் விரும்பவில்லை. உயரமான அலமாரிகளில் ஏறுவதற்கு நீண்ட கைகள் பெரிதும் வசதி. நூல்கள் சங்கிலியில் கிடக்கின்றன, உறுமுகின்றன; அவரோ அவற்றை வீட்டு விலங்குகளைப் போலப் பேணுகின்றார். லவ்கிராஃப்ட் காட்டிய அதே கொடிய நூல், அதே சங்கிலி. ஆனால் வாசகர் அஞ்சுவதில்லை, சிரிக்கின்றார். மாய நூலகம் வாழத்தக்க இடமாக மாறத் தொடங்கியது இங்கேதான் என்பது இக்கட்டுரையின் கணிப்பு. பின்னாளில் வந்த இதப்புனைவாளர்கள் தாம் குடியேறிய வீட்டைக் கட்டிய கொத்தனாரைப் போதிய அளவு நினைவுகூரவில்லை.

பிராட்சட் நகைச்சுவையோடு நின்றுவிட்டவர் அல்லர். 1989இல் வந்த 'கார்ட்ஸ்! கார்ட்ஸ்!' புதினத்தில், நூல்கள் பெருந்திரளாகச் சேருமிடத்தில் வெளியும் காலமும் வளைகின்றன என்றும், ஆதலால் எல்லா நூலகங்களும் எங்கோ ஓரிடத்தில் ஒன்றோடொன்று இணைந்துள்ளன என்றும் ஒரு கோட்பாட்டை அமைக்கின்றார். 1992இல் வந்த 'ஸ்மால் காட்ஸ்' புதினத்தில் இதன் பயன் தெரிகின்றது. எஃபீப் நகரின் நூலகம் எரிகின்றது. எழுத்தறியாத, ஆனால் எதையும் மறவாத புரூதா என்னும் இளைஞன் அங்கிருந்த சுருள்களைப் பார்த்துப் பார்த்து நினைவில் பதித்துக்கொள்கின்றான். எழுதப் படிக்கத் தெரியாதவன் நூலகத்தைச் சுமந்து வெளியேறுகின்றான். வேறொரு காலத்திலிருந்து நூல்களின் வழியே வந்த ஒராங்குட்டான் எரியும் அலமாரிகளிலிருந்து சில சுருள்களை எடுத்துச் செல்கின்றது. வாய்மொழியாகவும் மனப்பாடமாகவும் நூல்களைக் காத்த நாட்டில் வாழும் வாசகருக்குப் புரூதா வேற்றவன் அல்லன்.

மெய்யாக எரிந்தவை

அதே 1992ஆம் ஆண்டு ஆகஸ்டு 25, 26 ஆகிய நாள்களில் சரயேவோ நகரிலிருந்த பொஸ்னியாவின் தேசிய, பல்கலைக்கழக நூலகம் குண்டுவீச்சுக்கு இலக்காகி எரிந்தது. அங்கிருந்த சுமார் 15 இலட்சம் நூல்களில் மிகப் பெரும்பகுதி அழிந்தது. நூலகப் பணியாளரும் நகர மக்களும் குண்டுமழைக்கிடையே வரிசையாக நின்று நூல்களைக் கைமாற்றி வெளியேற்றினர். யாழ்ப்பாணப் பொது நூலகம் அதற்குப் பதினோராண்டுகளுக்கு முன், 1981ஆம் ஆண்டு மே இறுதி நாளின் இரவில் தீயிடப்பட்டது. சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. தமிழ் வாசகர் எவரும் எரியும் நூலகத்தைக் கதையில் படிக்கும்போது அதனை வெறும் கதையாகப் படிக்க இயலாமைக்கு இதுவே காரணம்.

2003இல் ஈராக்கின் பாஸ்ரா மைய நூலகம் எரிவதற்கு முன், அதன் நூலகர் ஆலியா முகம்மது பேக்கர் ஏறத்தாழ 30,000 நூல்களைச் சுவர் கடத்தி அண்டையிலிருந்த உணவகத்தில் சேர்ப்பித்தார். 2012இல் மாலி நாட்டின் திம்புக்து நகரைத் தீவிரவாதக் குழுக்கள் கைப்பற்றியபோது, அப்தெல் காதர் ஹைதரா முதலானோர் அரபுச் சுவடிகளை இரும்புப் பெட்டிகளில் அடைத்து, வண்டிகளிலும் நைஜர் ஆற்றின் படகுகளிலுமாகத் தலைநகர் பமாக்கோவிற்குக் கடத்தினர். 2013 சனவரியில் அங்கிருந்து பின்வாங்கியவர்கள் அகமது பாபா நிறுவனத்தில் எஞ்சியவற்றில் ஒரு பகுதியை எரித்தனர்.

பெட்டிகளில் நூல், ஆற்றில் படகு, பின்னால் தீ. கியேலாவின் கதை எங்கிருந்து வருகின்றது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டா. ஆசிரியர் இந்நிகழ்வுகளை எண்ணி எழுதினார் எனக் கூறுவதற்கில்லை. ஆனால் இந்நிகழ்வுகளுக்குப்பின் வாழும் வாசகர்கள் அக்காட்சியை உடனே அடையாளம் கண்டுகொள்கின்றனர்.

இதப்புனைவின் எழுச்சி

ஸ்பானிய எழுத்தாளர் கார்லோஸ் ரூயிஸ் சஃபோன் 2001இல் வெளியிட்ட 'காற்றின் நிழல்' ஓர் இடைநிலை. 1945இன் பார்சிலோனாவில், உள்நாட்டுப் போருக்குப்பின், மறக்கப்பட்ட நூல்களின் கல்லறை என்னும் மறைவிடத்திற்குச் சிறுவன் தானியேல் அழைத்துச் செல்லப்படுகின்றான். அவன் ஒரு நூலைத் தேர்ந்தெடுத்து அதனை வாழ்நாள் முழுதும் காக்க வேண்டும். நூலகம் இங்கும் புரிசிக்கல்தான். ஆயினும் அச்சம் நூலிலிருந்து வரவில்லை, வெளியே உள்ள ஆட்சியிலிருந்து வருகின்றது. நூலகம் அடைக்கலமாகிவிட்டது.

'கோஸி' என்னும் அடைமொழி துப்பறியும் கதைகளிலிருந்து வந்தது. சிற்றூர், தேநீர், குருதி தெறிக்காத கொலை என்பவை அவ்வகையின் இலக்கணம். அகதா கிறிஸ்டி 1942இல் வெளியிட்ட 'நூலகத்தில் பிணம்' இவ்வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கு நூலகம் என்பது பெருவீட்டின் ஓர் அறை மட்டுமே, அதில் யாரும் படித்ததாகத் தெரியவில்லை. மிகுபுனைவில் இவ்வடைமொழியை நிலைநாட்டிய படைப்பாக டிராவிஸ் பால்ட்ரீயின் 'லெஜண்ட்ஸ் அண்ட் லாட்டேஸ்' (2022) கருதப்படுகின்றது. போர்த்தொழிலை விட்ட ஒருத்தி காப்பிக்கடை வைக்கும் கதை அது. பேரளவு மிகுபுனைவும் சிறிய பணயமும் கொண்ட புதினம் என அதன் துணைத்தலைப்பே அறிவிக்கின்றது. ஆசிரியர் தாமே பதிப்பித்த அந்நூல் அதே ஆண்டிலேயே பெரும்பதிப்பகத்தைச் சென்றடைந்தது. மறு ஆண்டு ஹியூகோ விருதின் இறுதிப்பட்டியலிலும் இடம்பெற்றது. பெருந்தொற்று ஆண்டுகளில் வீடடங்கிய வாசகர்கள் சிறிய பணயத்தை நாடியதில் வியப்பில்லை.

நூலகத்தை ஆறுதலின் இடமாக்கிய கதைகள் இதே ஆண்டுகளில் பெருகின. மேட் ஹெய்கின் 'தி மிட்நைட் லைப்ரரி' (2020) வாழ்வுக்கும் சாவுக்கும் இடையே ஒரு நூலகத்தை வைக்கின்றது. ஒவ்வொரு நூலும் கதைத்தலைவி வாழாமல் விட்ட ஒரு வாழ்க்கை. வழிகாட்டுபவர் அவள் பள்ளி நூலகர். போர்ஹெஸின் எண்ணிலா நூலகத்தையே ஹெய்க் எடுத்துக்கொண்டு, அதில் வாசகர் தேடுவதை எடுத்துத்தரும் ஒரு நூலகரை அமர்த்திவிட்டார் எனலாம். பாபேலில் இல்லாதது அந்த ஒருவர்தான். இக்கதை வெளிவந்த பிரிட்டனில் 2010 முதல் 2019 வரையிலான காலத்தில் ஏறத்தாழ 800 பொது நூலகங்கள் மூடப்பட்டன. புனைவில் நூலகங்கள் இதமாகிக்கொண்டே வந்த ஆண்டுகளில் தெருவில் அவை குறைந்துகொண்டே வந்தன. இவ்விரண்டையும் தொடர்பற்றனவாகக் கொள்வது கடினம்.

அச்ச மரபு அற்றுப்போகவில்லை. ஹருகி முரகாமியின் 'விந்தை நூலகம்' (ஆங்கிலத்தில் 2014) நூல் இரவல் பெறச் சென்ற சிறுவனை நிலவறையில் அடைத்து, படித்து நிறைந்த அவன் மூளையை உண்ணக் காத்திருக்கும் முதியவரைக் காட்டுகின்றது. படிப்பவரை விழுங்கும் நூலகம் என்பதற்கு இதனைவிட நேரடியான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

கியேலாவின் கடை

'தி ஸ்பெல்ஷாப்' புதினத்தில் மந்திரம் சட்டத்தால் வேலியிடப்பட்டது. தலைநகரின் மந்திரவாதிகளைத் தவிர வேறெவரும் அதனைக் கையாளுதல் குற்றம். பேரரசு வெளித்தீவுகளிலிருந்து மந்திரவாதிகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டதால் அங்கே புயல்கள் மிகுந்தன; மண்ணும் மரமும் நலிந்தன. மருந்து நூலகத்தில் உள்ளது. நோய் தீவில் உள்ளது. இடையில் சட்டம் நிற்கின்றது. கியேலா தொடக்கத்தில் பழைய மரபைச் சேர்ந்த நூலகர். நூல்களை நேசிப்பவள், படிக்க வருவோரை விரும்பாதவள். எவரும் வராத அலமாரிகளுக்கிடையே பல ஆண்டுகள் நிறைவோடு வாழ்ந்தவள். ஆர்மிடேஜும் ஹோர்ஹேயும் அவளுக்குப் பணியில் மூத்தோர் என்று சொன்னால் அது மிகையாகாது.

தீவுக்கு வந்தபின் அவள் தன் பெட்டிகளைத் திறக்கின்றாள். மந்திர நூல்களிலிருந்து மருந்துகளைச் செய்து, அவை மந்திரமல்ல என்று சொல்லி, பழப்பாகுப் புட்டிகளோடு சேர்த்து விற்கின்றாள். மரங்கள் துளிர்க்கின்றன. நூல்கள் பயன்பாட்டிற்கே என்னும் முதல் விதியை, அவ்விதியின் பெயரறியாத ஒருத்தி, குற்றவாளியாகிக் கற்றுக்கொள்கின்றாள். எரியும் நூலகத்திலிருந்து அவள் எடுத்துவந்தது மீட்பா, திருட்டா என்னும் வினா கதை முழுதும் அவளை விடவில்லை. பாஸ்ராவின் நூலகரும் அரசின் உடைமையை இசைவின்றியே சுவர் கடத்தினார்.

இப்புதினத்தின் குறை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். எரிந்த நூலகத்திற்காகக் கதை துயருறும் நேரம் மிகக் குறைவு. தலைநகரில் அழிந்த நூல்கள் எவை, அவற்றை எழுதியோர் எவர், அவற்றைப் படித்து வாழ்ந்தோர் என்னவாயினர் என்பன கேட்கப்படுவதில்லை. படகில் ஏறியவை போதும் என்பதாகக் கதை அமைதி கொள்கின்றது. தில்லையின் மூடிய அறைமுன் எழுந்த அந்த வானொலியே இங்கும் கேட்கின்றது. ஆறுதல் பொய்யன்று, ஆனால் செல்லரித்த ஏடுகளைப் பற்றிய கேள்வியை அது விரைந்து முடித்துவிடுகின்றது. சரயேவோவிலும் யாழ்ப்பாணத்திலும் அழிந்தவற்றின் பட்டியலைத் திரட்ட அறிஞர்கள் பல ஆண்டுகள் உழைக்க வேண்டியிருந்தது. இதப்புனைவில் அப்பட்டியலுக்கு இடமில்லை. இடமளித்தால் அது வேறு வகைக் கதையாகிவிடும் என்பதும் உண்மையே.

2025இல் வெளிவந்த 'தி என்சான்டட் கிரீன்ஹவுஸ்' என்னும் அடுத்த புதினம் இக்குறையை ஓரளவு அறிந்திருப்பதாகத் தோன்றுகின்றது. முதற்கதையில் கியேலாவோடு படகில் வந்து, சிறு துன்பத்திற்கும் நடுங்கி வாசகரைச் சிரிக்கவைத்த அந்தப் பேசும் செடி எவ்வாறு பேச்சுப் பெற்றது என்பது இங்கு முன்வைக்கப்படுகின்றது. அதே நூலகத்தில் பணிபுரிந்த தெர்லு என்னும் இளம் நூலகர், அலமாரிகளுக்கிடையே பேச்சுத்துணையின்றி வருந்தி, தனக்கு உரிமையில்லாத ஒரு நூலைப் படித்து, அதிலிருந்த மந்திரத்தால் ஒரு செடியைப் பேசவைத்தாள். நூலைப் படித்துப் பயன்படுத்தியதே அவள் செய்த குற்றம். பேரரசின் நீதிமன்றம் அவளை மரச்சிலையாக்கியது.